டாமியா டிடி-02பி: காயில் கட்டுகிற கடையிலிருந்து ஒரு ரேஸ் பகி விமர்சனம்

என் அக்கா மகன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ரிமோட் கார் ஒன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தான். பையை மேஜை மேல் கவிழ்த்தான். கார் தனியாக, ஒரு சக்கரம் தனியாக, நாலைந்து ஸ்க்ரூ தனியாக விழுந்தன. “மாமா, ஓடவே மாட்டேங்குது. நீங்கதான் மோட்டார் கட்டுறீங்களே, பார்த்துக் குடுங்க” என்றான்.

கோவை கணபதியில் எனக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை. இருபத்திரண்டு வருஷமாக போர்வெல் மோட்டாரும் கிரைண்டர் மோட்டாரும் டேபிள் ஃபேனும்தான் கையில் புழங்குகின்றன. அவன் காரின் மோட்டாரைக் கழற்றி மூன்று வோல்ட் கொடுத்துப் பார்த்தேன். நன்றாகவே சுற்றியது. பழுது அதில் இல்லை. ரிமோட்டின் சிக்னலை வாங்குகிற ரிசீவரும், மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுகிற ஸ்பீட் கன்ட்ரோலரும் ஒரே போர்டில் இருந்தன. அந்த போர்டின் ஒரு மூலை கருகிப்போயிருந்தது. ஒன்று போனால் இரண்டும் போச்சு. விற்றவர்களிடம் சொல்லி மாற்று போர்டு வர ஏழு வாரம் ஆனது. மாட்டி ஓட்டிய மூன்றாம் நாள் பின் டிஃபரன்ஷியலில் (திருப்பத்தில் இடது, வலது சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுழல விடுகிற கியர் தொகுப்பு) பல் போய்விட்டது. அதற்கு உதிரி பாகமே வராது என்று சொல்லிவிட்டார்கள். பெட்டியில் ‘மணிக்கு 60 கிலோமீட்டர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்து, பொங்கல் காசு, பிறந்த நாள் காசு எல்லாம் சேர்த்து அவன் வாங்கிய கார் அது. பையன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

இதையெல்லாம் என் மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். “அப்பா, ரிப்பேர் ஆனா நாமே சரி பண்ணிக்கிற மாதிரி ஒண்ணு கிடைக்காதா?” என்று கேட்டாள். அடுத்த இரண்டு மாதம் நான் தேடியது அந்தக் கேள்விக்கான பதிலைத்தான். கடைசியில் வாங்கியது ஜப்பானின் டாமியா கம்பெனி செய்கிற டிடி-02பி. நியோ ஸ்கார்ச்சர் பாடி போட்டது. நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு, நாலு சக்கரமும் இழுக்கிற பகி, அதாவது மண் தரையில் ஓட்டுகிற ரேஸ் கார். எட்டு மாதம் ஓட்டியாயிற்று. இனி இதைப் பற்றி எழுதலாம்.

முதலில், நாலு வீல் எதற்கு? நாங்கள் ஓட்டுவது சரவணம்பட்டியைத் தாண்டி, லேஅவுட் போட்டுக் கல் நட்டுவிட்டு இன்னும் வீடு வராமல் கிடக்கிற ஒரு சைட்டில். மேலே மாவு மாதிரி செம்புழுதி, அதற்குக் கீழே இறுகிய மண், நடுநடுவே சரளைக் கல். இந்தத் தரையில் பின் சக்கரம் மட்டும் இழுக்கிற கார், திருப்பத்தில் விரல் ஒரு நூல் கூடுதலாக அழுத்தினாலும் வாலைச் சுழற்றிக்கொண்டு திரும்பி நின்றுவிடும். முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது கார் தன் மூக்கு பார்த்த திசைக்குத் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும். பின் சக்கர பகியை ஓட்டிப் பழகியவர்களுக்கு அதன் சுகமே தனி என்பார்கள்; அது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் முதல் கார், புழுதித் தரை, ஓட்டுவது பதிமூன்று வயதுப் பெண் என்றால், நாலு வீல்தான் என்று நான் துணிந்து சொல்வேன்.

நாலு சக்கரத்துக்கும் இழுவையை எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம். டாமியா 1985-ல் ஹாட்ஷாட் என்ற தன் முதல் நாலு வீல் பகியில் ஷாஃப்ட் வைத்தது. அதே காலத்தில் கியோஷோ தன் ஆப்டிமாவில் செயின் வைத்தது. இங்கிலாந்தின் ஷூமாக்கர் பெல்ட் வைத்தது. மாவு மில் மோட்டாருக்கு நான் காயில் கட்டித் தந்திருக்கிறேன். பெல்ட் ஓடுகிற இடத்தில் தூசி எப்படிப் போய் அப்பிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். பெல்ட் மென்மையாக, சத்தமில்லாமல் ஓடும், இழுவையும் சீராக இருக்கும். ஆனால் அது சுத்தமான தரைக்கு. பல் வைத்த பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே ஒரு மிளகு அளவு கல் சிக்கினால் போதும். எங்கள் சைட்டில் மிளகு அளவுக் கல்லுக்குப் பஞ்சமில்லை. அதனால் மூடிய கியர் பாக்ஸ், நடுவே ஒரு ஷாஃப்ட் என்று முடிவு செய்தேன்.

ஷாஃப்ட் வைத்த பகிகளிலும் மேல்தரம் உண்டு. எக்ஸ்ரே கம்பெனியின் எக்ஸ்பி4, அசோசியேட்டட் கம்பெனி 2018-ல் விட்ட பி74 போன்றவை முழுக்க முழுக்கப் போட்டிக்காகவே செய்தவை. பி74-ல் முன்னும் பின்னும் மட்டுமல்ல, நடுவிலும் ஒரு டிஃபரன்ஷியல் உண்டு. ஒவ்வொன்றிலும் வேறு வேறு கெட்டியில் சிலிகான் ஆயில் ஊற்றி, முன்பக்கம் எவ்வளவு இழுவை, பின்பக்கம் எவ்வளவு என்று டிராக்குக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளலாம். அற்புதமான பொறியியல். ஆனால் அந்த வண்டிகள் கார்பெட், செயற்கைப் புல், நன்றாக மெழுகிய களிமண் டிராக் ஆகியவற்றுக்குப் பிறந்தவை. ஒரே டிராக்கில் வாராவாரம் பத்துப் பேரோடு ஓட்டுகிறவர் அதை வாங்கட்டும். சரளையில் ஓட்டப் போகிற எனக்கு அந்த மாற்றங்களில் பாதி என்ன செய்கிறது என்றுகூடக் கையில் உணர முடியாது.

எட்டில் ஒரு பங்கு அளவுப் பகி பக்கம் ஒரு வாரம் மனசு போனது. கியோஷோவின் இன்ஃபெர்னோ வரிசையை வீடியோவில் பார்த்தால் யாருக்கும் போகும். நைட்ரோ எஞ்சின் 3.5 சி.சி., மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருள். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும், ஆனால் அந்த எரிபொருளை வாங்கி வீட்டில் வைக்க மனசு வரவில்லை. பேட்டரியில் ஓடுகிற எட்டில் ஒரு பங்கும் மூன்று கிலோவுக்கு மேல் எடை. சைட்டில் பக்கத்துத் தெருக் குழந்தைகள் வந்து நிற்பார்கள். மூன்று கிலோ எடை வேகமாக வந்து ஒரு குழந்தையின் கணுக்காலில் இடித்தால் என்ன ஆகும் என்று யோசித்த நிமிடத்திலேயே அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

சரி, டிடி-02பி-க்கு வருகிறேன். இது கிட். பெட்டியைத் திறந்தால் கார் இருக்காது. பை பையாக ஸ்க்ரூவும், பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிய பாகங்களும், ஒரு மோட்டாரும், படம் போட்ட வழிகாட்டிப் புத்தகமும் இருக்கும். ரிமோட், ரிசீவர், சர்வோ (முன் சக்கரத்தைத் திருப்புகிற சின்ன மோட்டார்), பேட்டரி, சார்ஜர், பெயின்ட் எல்லாம் தனியாக வாங்க வேண்டும். சில பெட்டிகளில் ஸ்பீட் கன்ட்ரோலர் சேர்ந்து வரும், சிலவற்றில் வராது. பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள். கிட்டுக்கு ஆன செலவுக்குக் கிட்டத்தட்ட சமமாக மற்றவற்றுக்கும் எனக்கு ஆனது. இதை முன்கூட்டியே மனசில் வைத்துக்கொள்ளாவிட்டால் பாதியில் திகைத்து நிற்க வேண்டிவரும்.

எங்கள் பெட்டி சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மச்சானோடு வந்தது. பேட்டரியையும் அவனே கொண்டுவந்தான். தனி லித்தியம் பேட்டரியை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. 7.4 வோல்ட், 5000 மில்லி ஆம்பியர்-அவர் என்றால் 37 வாட்-அவர். 100 வரை அனுமதி இருப்பதால் சிக்கல் வரவில்லை. வாங்கும் முன் சேசிஸில் பேட்டரி உட்காரும் குழியின் நீள அகலத்தை அவனுக்கு அனுப்பியிருந்தேன். அதை நீங்களும் செய்யுங்கள்.

ஒரு திருப்புளி விஷயம். டாமியா ஸ்க்ரூவின் தலை பார்ப்பதற்கு நம் சாதாரண ஸ்டார் மாதிரியே இருக்கும்; ஆனால் அது ஜப்பான் அளவு, ஜே.ஐ.எஸ். நம் ஸ்டார் திருப்புளி அதில் முழுதாக இறங்காது. அழுத்தித் திருப்பினால் தலை வழுக்கித் தேய்ந்துவிடும். ஜப்பான் பைக் கார்ப்புரேட்டர் பிரிக்கிற மெக்கானிக்குகளுக்கு இது தெரியும். ஒரு ஜே.ஐ.எஸ். திருப்புளி வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினால் பிறகு பிரிக்கும்போது நிம்மதி.

கிட்டோடு சக்கரத்துக்கும் ஷாஃப்டுக்கும் பேரிங் வராது. பிளாஸ்டிக் புஷ், அதாவது குண்டு இல்லாத வெறும் வளையம், வரும். புழுதியில் பிளாஸ்டிக் புஷ் ஓட்டை பெரிதாகி, சக்கரம் ஆடத் தொடங்கும், மோட்டாரும் வீணாக இழுக்கும். இந்த ஒரு விஷயத்தில் கோவைக்காரன் கொடுத்துவைத்தவன். புத்தகத்தில் போட்டிருந்த அளவு 5 மி.மீ. உள்விட்டம், 11 மி.மீ. வெளிவிட்டம், 4 மி.மீ. கனம். அது எம்.ஆர். 115. காந்திபுரத்தில் நான் வழக்கமாக வாங்கும் பேரிங் கடையில் போய் நின்றேன். 6202, 6203 என்றால் அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் எடுத்து வைப்பார். எம்.ஆர். 115 என்றதும் நிமிர்ந்து பார்த்தார். “ஏனுங் அண்ணா, இத்துனூண்டு பேரிங்க எந்த மோட்டாருக்குப் போடறீங்க?” என்றார். பிள்ளைக்குக் கார் கட்டுகிறேன் என்றேன். இரண்டு நாளில் வரவழைத்துக் கொடுத்தார். கேட்கும்போது டூ-ஆர்.எஸ். என்று சொல்லிக் கேளுங்கள். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. டபுள்-இசட் என்றால் தகர மூடி. அதன் இடுக்கில் நம் புழுதி நுழைந்துவிடும். இணையத்தில் கார் பெயர் போட்டு விற்கும் செட்டும் இதே பேரிங்தான்.

மகளும் நானும் ஆறு ராத்திரி உட்கார்ந்து கட்டினோம். அவள் புத்தகம் பார்த்துப் பாகத்தின் எண்ணைச் சொல்ல, நான் சட்டத்திலிருந்து வெட்டித் தருவேன். மூன்றாம் ராத்திரியிலிருந்து அவள் கட்ட, நான் எண் சொன்னேன். டிஃபரன்ஷியலை அவளே கோத்தாள். உள்ளே சின்னச் சின்ன பெவல் கியர்கள். ஒரு பக்கச் சக்கரத்தைத் திருப்பினால் மறுபக்கம் எதிர்த்திசையில் திரும்புவதைப் பார்த்துவிட்டு, மறுநாள் என் ஸ்கூட்டியில் ஏன் இது இல்லை என்று கேட்டாள். ஒற்றைச் சக்கரம் இழுக்கிற வண்டிக்கு எதற்கு என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

ஷாக் அப்சார்பரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகக் கட்டுகிறவர்கள் இங்கேதான் அவசரப்படுவார்கள். இந்த கிட்டில் உள்ளவை உண்மையான ஆயில் ஷாக்குகள், வெறும் ஸ்பிரிங் அல்ல. சிரிஞ்ச் பருமன் உள்ள குழாயில் ஆயிலை விளிம்பு வரை ஊற்றி, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் ஆட்ட வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிஸ்டன் துளையிலிருந்து குமிழி கிளம்பி மேலே வரும், பாயசத்தில் ஜவ்வரிசி மிதப்பது மாதிரி. எல்லாம் வந்துவிட்டது என்று தோன்றும், வரவில்லை. ஷாக்கை நிமிர்த்தி ஒரு டம்ளருக்குள் சாய்த்து வைத்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போய் வந்தோம். திரும்பி வந்து பார்த்தால் மேலே இன்னும் நாலு குமிழி. அதையும் விட்டு ரப்பர் தகட்டைப் போட்டு மூடினால், தண்டை அழுத்தும்போது வழவழவென்று ஒரே சீராக இறங்கும். உள்ளே காற்று இருந்தால் பாதி வழியில் ‘புஸ்க்’ என்று சத்தம் வரும். நாலு ஷாக்கும் ஒரே மாதிரி இறங்குகிற வரை விடாதீர்கள். முதல் ஷாக்கை மகள் மூன்று தடவை பிரித்துக் கட்டினாள்.

பாடி கண்ணாடி மாதிரி தெளிவான பாலிகார்பனேட். பெயின்ட்டை உள்பக்கம் அடிக்க வேண்டும். வெளியில் தெரிய வேண்டிய நிறம் முதல் பூச்சு; அதற்குப் பின்னால்தான் மற்றவை. பாலிகார்பனேட்டுக்கென்று டாமியா விற்கும் பி.எஸ். வரிசை ஸ்ப்ரேயை வாங்குங்கள். சாதாரண ஸ்ப்ரே உரிந்து வரும். எல்லாம் காய்ந்த பிறகு வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய பாதுகாப்புத் தாளைக் கடைசியாக உரிக்க வேண்டும். மகள் அதைச் சரசரவென்று உரித்தபோது உள்ளேயிருந்து ஈரமான ஆரஞ்சு மாதிரி ஒரு பளபளப்பு வந்தது. அன்றைக்கு அவள் பாடியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

மோட்டாரைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. பெட்டியில் வருவது வெள்ளி நிற உறை போட்ட 540 பிரஷ் மோட்டார். இந்த வகைக்கு 27 டர்ன் என்பார்கள். கார் மோட்டார் விற்பவர்கள் சொல்லும் டர்ன், நாங்கள் காயிலில் எண்ணுகிற சுற்றேதான். சுற்று குறைந்தால் கம்பி தடிக்கும், வேகம் கூடும், கரண்டும் சூடும் சேர்ந்து கூடும். அதனால்தான் கார்பன் பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரில் 17.5, 13.5 என்று இறங்க இறங்க வேகம் ஏறுகிறது. இந்த 540-இன் மூடி மடித்து அடித்தது. கார்பன் பிரஷ்ஷை மாற்ற முடியாது. தேய்ந்தால் புது மோட்டார்தான். ஆனால் அது விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஒரு வேலை மட்டும் செய்தேன். புது மோட்டாரைக் காரில் மாட்டும் முன், சுமையில்லாமல் மூன்று வோல்ட்டில் கால் மணி நேரம் ஓடவிட்டேன். பிரஷ்ஷின் முனை, அது உரசுகிற செம்பு உருளையான கம்யூட்டேட்டரின் வளைவுக்குத் தகுந்த மாதிரி படிந்துகொள்ளும்; பொறி குறையும். எட்டு மாதமாக அதே மோட்டார்தான் ஓடுகிறது. ஒரு பேட்டரி ஓடி முடிந்ததும் உறையில் விரல் வைத்து மூன்று எண்ணுவோம். வைக்க முடியாவிட்டால், ஆறிய பிறகுதான் அடுத்த பேட்டரி. மோட்டாரைக் கொல்வது வேகமில்லை, சூடுதான்.

இனி ஓட்டம். பழைய பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் பிளந்து வளைவுகளுக்குக் கரை போட்டோம். சிமெண்ட் சாக்கில் மண் அடைத்து அதன்மேல் ஒரு சென்ட்ரிங் பலகை சாய்த்தால் ஜம்ப். முதல் நாள் மகள் வேகமாக வந்து ஜம்ப்பில் ஏறினாள். கார் காற்றில் மூக்கைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு போய்க் குத்தியது. முன் பம்பர் வாங்கிக்கொண்டதால் ஒன்றும் ஆகவில்லை. என்ன நடந்தது என்றால், பலகையின் நுனிக்கு வந்ததும் பயத்தில் விரலை எடுத்துவிட்டாள். காற்றில் இருக்கும்போது சக்கரத்தின் சுழற்சி திடீரென்று குறைந்தால் காரின் உடல் முன்பக்கம் புரளும். சுழற்சி கூடினால் மூக்கு தூக்கும். நாலு சக்கரமும் சேர்ந்து சுழல்வதால் நாலு வீல் பகியில் இது நன்றாகவே கைக்குத் தெரியும். இதைச் சொல்லிக் கொடுத்த பிறகு, அவள் பறக்கும்போதே விரலால் மூக்கைச் சமன் செய்து, நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் தரையில் ‘தப்’ என்று உட்காரும்படி இறக்குகிறாள். அந்த ஒற்றைச் சத்தத்துக்காகவே ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கு எழுந்திருக்கலாம்.

சேசிஸ் ஓரம் உயர்ந்த தொட்டி மாதிரி ஒரே வார்ப்பு. நடுவில் ஷாஃப்ட், ஒரு பக்கம் பேட்டரி, மறுபக்கம் மோட்டார். தொட்டியில் மண் சேரும், அதைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுவோம். முன் பின் கியர் பாக்ஸ்களை மூன்றாம் மாதம் திறந்து பார்த்தேன். உள்ளே போட்ட கிரீஸ் போட்டபடி வெள்ளையாகவே இருந்தது. ஒரு மண் துகள் இல்லை. இத்தனை புழுதியில் ஓடிய வண்டிக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தேவையில்லை.

எதிர்பார்க்கக் கூடாதவையும் உண்டு. இது டிடி-02 என்ற ரோடு கார் சேசிஸிலிருந்து வந்தது. போட்டி பகி அல்ல. சக்கரத்தைப் பிடிக்கிற மேல் ஆர்ம் ஒரே அளவுப் பிளாஸ்டிக் என்பதால் சக்கரத்தின் சாய்வை மாற்றிக்கொள்ள முடியாது. டிஃபரன்ஷியலில் ஆயில் ஊற்றும் அமைப்பு இல்லை. நாங்கள் பின்பக்கத்தை அப்படியே விட்டு, முன்பக்கத்தில் மட்டும் கெட்டி கிரீஸ் அடைத்தோம். திருப்பத்தின் முடிவில் முன் இழுவை கூடியது கையிலேயே தெரிந்தது. பெட்டி மோட்டாரோடு வேகம் மிதமானது. நல்ல டிராக்கில் எக்ஸ்பி4 பக்கத்தில் விட்டால் தோற்கும். அதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். தார் ரோட்டில் ஓட்டாதீர்கள், மண்ணுக்கான டயரின் முள் சீக்கிரம் மழுங்கிவிடும்.

லைப்போ, அதாவது நாங்கள் ஓட்டுகிற லித்தியம் பாலிமர் பேட்டரி பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் செல் கெட்டுவிடும், உப்பிக்கொள்ளும். உங்கள் ஸ்பீட் கன்ட்ரோலரில் லைப்போவுக்கான கட்-ஆஃப் (வோல்ட் குறைந்ததும் தானே நிறுத்துவது) உண்டா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பேட்டரியின் பேலன்ஸ் ஒயரில் (ஒவ்வொரு செல்லிலிருந்தும் வரும் மெல்லிய ஒயர்) செருகும் சின்ன பஸ்ஸர் வாங்கி 3.4-ல் கத்தும்படி வையுங்கள். ஒரு வாரம் ஓட்டப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள். சார்ஜ் போடும்போது வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நாங்கள் பழைய ஸ்டார்ட்டர் இரும்புப் பெட்டிக்குள் வைத்துத்தான் சார்ஜ் போடுகிறோம், மூடியைப் பூட்டாமல். இதெல்லாம் தொந்தரவு என்று நினைப்பவர்கள் ஆறு செல் நிக்கல் பேட்டரியில் ஓட்டலாம், 7.2 வோல்ட், கொஞ்சம் எடை கூடுதல், இவ்வளவு கவலை இல்லை.

எட்டு மாதத்தில் உடைந்தது இரண்டே பாகம். முன் ஆர்ம் ஒன்று, மகள் காம்பவுண்ட் கல்லில் நேராக இடித்தது. ஷாக்கின் கீழ்ப்பக்கப் பந்து மூட்டு ஒன்று, நான் இடித்தது. இரண்டுக்கும் சட்டத்தோடு உதிரி கிடைத்தது. புத்தகத்தைத் திறந்து, எண்ணைப் பார்த்து, அரை மணி நேரத்தில் அவளே மாற்றினாள்.

அக்கா மகன் ஞாயிறுதோறும் எங்களோடு வருகிறான். அவனுடைய பழைய காரின் சர்வோவும் சக்கரங்களும் கடையில் ஒரு டப்பாவில் இருக்கின்றன. போன வாரம் மச்சான் போன் செய்தபோது இன்னொரு டிடி-02பி பெட்டி எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். பாதிக் காசு அவனுடையது, மீதி என்னுடையது. நேற்று காந்திபுரம் போனபோது பேரிங் கடைக்காரரே கேட்டார்: “ஏனுங் அண்ணா, அந்தச் சின்னது இன்னொரு செட் சொல்லட்டுங்களா?” சொல்லச் சொல்லிவிட்டு வந்தேன், டூ-ஆர்.எஸ். என்று மறக்காமல்.